யாக்கோபு துரைக்கு வாரிசுச் சான்று

போன வாரம் எங்கள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தான்: "வாரிசுச் சான்று எல்லாம் ஆன்லைன்ல வந்துடுச்சு. உங்க காலத்துல இதுக்கு எதுக்கு சார் ஊர் ஊரா அலைஞ்சீங்க?" கேள்வியின் தொனியைப் பாருங்கள்! நாங்கள் என்னவோ காற்று வாங்கப் போய் வந்தது போல. பதிலைப் போனில் அடித்துப் பார்த்தேன். என் கட்டைவிரல் ஓர் எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து வந்து விழுகிறது. சரி, பேப்பரும் பேனாவும் எதற்கு இருக்கின்றன என்று உட்கார்ந்துவிட்டேன். படித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். என் வீட்டுக்காரி ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டாள்.

நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில்தான் சர்வீஸின் பெரும்பகுதி போயிற்று. இப்போது கும்மிடிப்பூண்டியில், மகன் வேலை செய்யும் கம்பெனிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். சர்க்கார் எங்கள் பதவிக்கு எந்தப் பெயரை வைத்தாலும் குப்பத்து ஜனங்களுக்கு நான் மணியகாரர்தான். பயிற்சியில் நிலம் அளக்கவும், அடங்கல் என்கிற பயிர்க் கணக்கு எழுதவும், மந்திரி வந்தால் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். மிச்சத்தை ஜனங்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் முக்கால்வாசி திட்டாகத்தான் வந்தது.

வாரிசு விசாரணைக்கு ஒரு முறை இருக்கிறது தம்பி, கேட்டுக்கொள். இறந்தவர் வீட்டில் போய் முதலில் உட்காரக் கூடாது. அங்கே ஒரு டீ குடித்துவிட்டால் போதும், பக்கத்து வீட்டுக்காரன் வாயைத் திறக்க மாட்டான். ஊர் முழுக்கப் பார்க்கிற மாதிரி ஒரு பொது இடத்தில் உட்கார வேண்டும். அந்தக் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை இல்லாதவன் யார் என்று விசாரித்து, அவனைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். சொந்தக்காரன் மறைக்கிற இரண்டாவது சம்சாரத்தைச் சண்டைக்காரன் பேர், ஊர், தெருவோடு சொல்வான். இதை எந்த கம்ப்யூட்டர் செய்யும்?

இந்த முறையை விட்டுவிட்டு ஒரே ஒரு தடவை நேராக வீட்டுக்குப் போய் மாட்டிக்கொண்டேன். ஆர்.கே.பேட்டைப் பக்கம் கொஞ்ச காலம் இருந்தபோது நடந்தது. கதவைத் தட்டி, "செத்துப் போன முனுசாமி ஊடு இதுதானே?" என்றேன். "நான்தாங்க, உக்காருங்க, மோர் சாப்பிடுறீங்களா?" என்றார் முனுசாமி. அவர் திருப்பதிக்குப் போய்த் திரும்பி வரத் தாமதமானதில் பிள்ளைகள் அவசரப்பட்டு மனு போட்டுவிட்டார்கள். மோர் நன்றாகத்தான் இருந்தது.

இனி எங்கள் தாசில்தாரைச் சொல்ல வேண்டும். பெயர் சபாபதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசை இழுப்பறையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை இருக்கும். கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படிப்பார். படிக்கப் படிக்கக் கடலையின் சிவப்புத் தோலை ஊதி ஊதிச் சாப்பிடுவார். எதிரே நிற்கிறவன் சட்டையில் அந்தத் தோல் வந்து ஒட்டும். தட்டிவிட்டால் கோபம் வரும், அதனால் நாங்கள் தட்ட மாட்டோம். 'சரி' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. சம்மதம் என்றால் பேனா மூடியைத் திறப்பார். சம்மதமில்லை என்றால் தண்ணீர் கேட்பார். சில நாள் அவர் குடிக்கிற தண்ணீரைப் பார்த்தால் எங்களுக்கே பயமாக இருக்கும்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தப் பட்டாவிலும் கையெழுத்துப் போடுமுன் மனுதாரரை நேரில் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். கோப்பில் என்ன எழுதியிருந்தாலும் அந்தப் பதில்தான் அவருக்குக் கணக்கு.

அந்தச் சமயம் அவர் மேசையில் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது கன்னியம்மாளின் வீட்டு மனைப் பட்டா. கிட்டங்கிமேடு என்ற குப்பத்தில் புருஷனை இழந்து, கருவாடு விற்று, ஒரு பெண்ணை வளர்த்தவள் கன்னியம்மா. அவள் வீட்டுக் கூரையைப் புயல் காலத்தில் கயிறு போட்டுக் கட்டித்தான் நிறுத்த வேண்டும். பட்டா இருந்தால்தான் சர்க்கார் வீடு கட்டித் தரும். அவள் மனு போட்டபோது பால்வாடியில் இருந்த மகள் ரேவதி, இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனிக்கு ஷிப்டு போய்க்கொண்டிருந்தாள். தடைகள் எல்லாம் தீர்ந்து, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து அமெரிக்காவிலிருந்து ஹெலன் அம்மா வந்து இறங்கினார்.

அறுபது வயசு இருக்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெயிலில் முகம் பழுத்த மிளகாய் மாதிரி ஆகியிருந்தது. அவருடைய முன்னோர் ஒருவர், யாக்கோபு என்று பெயர், டச்சுக்காரர்கள் காலத்தில் பழவேற்காட்டில் துணி வியாபாரம் செய்தாராம். அந்த யாக்கோபின் மகன் கப்பலேறி, எங்கெங்கோ சுற்றி, அமெரிக்காவில் போய்த் துணிக்கடை போட்டானாம். அந்த தேசத்தில் ஆதியில் கடை திறந்த குடும்பங்களில் தங்கள் குடும்பமும் ஒன்று என்று அந்த அம்மாவுக்குப் பெருமை. வருஷா வருஷம் வாரிசுகள் எல்லாம் கூடிச் சாப்பிடுவார்களாம். வம்சாவளியைப் பாய் மாதிரி சுருட்டிக் கையிலேயே வைத்திருந்தார். அதில் யாக்கோபு துரையின் பக்கத்தில் ஒரு கட்டம் மட்டும் காலி. அமெரிக்கா போன மகனைப் பெற்றவள் யார் என்று குடும்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தார்.

கல்லறைக்குப் போய்ப் பார்த்தார். கல்லில் எலும்புக்கூடு சிற்பம் இருந்தது, பெண்டாட்டி பெயர் இல்லை. யாரோ தாலுகா ஆபீசில் கேட்கச் சொன்னார்கள். ஆபீஸ் வாசலில் மனு எழுதும் கஜேந்திரன் உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தெரிந்த குடும்ப மனு ஒன்றே ஒன்றுதான். 'யாக்கோபு துரை என்பவர் சுமார் முன்னூறு வருடங்களுக்கு முன்பு காலமாகிவிட்டபடியால், அன்னாரின் வாரிசாகிய எனக்கு வாரிசுச் சான்று வழங்குமாறு' என்று அழகாக எழுதிவிட்டான். வாரிசு மனுவில் சொத்து விவரம் இல்லாவிட்டால் மொட்டையாக இருக்கும் என்று, 'மேற்படியாருக்குக் கிட்டங்கிமேட்டில் சொத்து உள்ளது' என்று ஒரு வரியையும் சேர்த்தான். கிட்டங்கி என்றால் சரக்குக் கிடங்கு. துரை கிடங்கு வைத்திருந்தால் அங்கேதானே வைத்திருப்பார் என்பது அவன் ஆராய்ச்சி. கவுன்டரில் இருந்த புண்ணியவான் படிக்காமலே நம்பர் போட்டுக் கொடுத்துவிட்டார். நம்பர் விழுந்த மனுவை யாராலும் கிழித்துப் போட முடியாது.

தாசில்தார் என்னைக் கூப்பிட்டார். கடலையை ஊதினார்.

"ஏழுமலை, இறப்புச் சான்று இணைக்கலையே?"

"அவர் செத்தப்ப பஞ்சாயத்தே இல்லைங்க சார்."

"அக்கம்பக்கத்துல விசாரிச்சீங்களா?"

"அக்கம்பக்கத்துல எல்லாரும் கல்லறையிலதான் சார் இருக்காங்க."

அவர் சிரிக்கவில்லை. "களத்துக்குப் போங்க. விசாரிங்க. வாக்குமூலம் வாங்குங்க. கிட்டங்கிமேட்டுக்கு வாரிசுன்னு ஒருத்தர் வந்து நிக்கும்போது நான் கன்னியம்மாவுக்கு எப்படிப் பட்டா போடுவேன்?" என்றவர் தண்ணீர் கேட்டார்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்டவன் கஜேந்திரன். ஆனால் ஓணான் கன்னியம்மா வீட்டுக் கூரையில் ஏறிவிட்டது.

மறுநாள் ஹெலன் அம்மாவை அழைத்துக்கொண்டு கிட்டங்கிமேட்டுக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. கங்கையம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த சமயம். தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம். கன்னியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வழியை மறித்து நின்றாள்.

"வா மணியகார். கையெழுத்து வாங்கியாறேன்னு போயிட்டு வெள்ளக்காரிய இட்டுக்கினு வரியா? எங்கள முடுக்கிட்டு இவளுக்குக் குடுக்கப் போறீங்களா? இன்னாத்துக்கு வந்துகீறா இவ?"

"அவங்க நெலம் கேக்கலம்மா. அவங்க ஆயாவத் தேடிக்கினு வந்திருக்காங்க."

"அமெரிக்காவுல தொலச்ச ஆயாவ எங்க குப்பத்துல வந்து தேடுறாளா? நல்லா கீதே கத!"

அன்று ரேவதிக்கு நைட் ஷிப்டு, அதனால் பகலில் வீட்டில் இருந்தாள். கம்பெனியில் வெளிநாட்டு மேனேஜர்களோடு பேசிப் பழகிய இங்கிலீஷ் அவளுக்கு உண்டு. அம்மாக்காரி மூச்சுவிடாமல் திட்டித் தீர்த்ததை எல்லாம் கேட்டுவிட்டு, ஹெலன் அம்மாவிடம் ஒரே வரியில், "அம்மா உங்களை வரவேற்கிறார்" என்று சொன்னாள். ஹெலன் அம்மா கை கூப்பினார். கன்னியம்மாவுக்கு அதைப் பார்த்து இன்னும் எரிச்சல்.

ஹெலன் அம்மா வம்சாவளிச் சுருளை விரித்தார். அது விரிந்தது, விரிந்தது, கன்னியம்மா வாசலில் ஆரம்பித்துத் தெருமுனைக் குழாயடி வரைக்கும் போயிற்று. ஜனங்கள் இரண்டு பக்கமும் தேர் பார்ப்பது போல நின்றார்கள். யாக்கோபு துரையின் காலிக் கட்டத்தை அந்த அம்மா விரலால் தொட்டுக் காட்டினார். எல்லாரும் அங்கே குனிந்து பார்த்த நேரத்தில், மறுகோடியில் கன்னியம்மாவின் ஆடு பிலடெல்பியா கிளையை மென்று தின்றுவிட்டது. பதறிப் போய் நாலு பேர் அதன் வாயிலிருந்து பிடுங்கினோம். ஒரு மாமாவும் பாதி அத்தையும்தான் மிஞ்சினார்கள். ஹெலன் அம்மா முகம் சுருங்கவில்லை. அந்தக் கிளையோடு தங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்று ரேவதியிடம் சொன்னார். நல்ல மனுஷி என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

என் முறைப்படி, அம்மன் கோயில் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஊர்த் தலைவர் தேசிங்கு முந்தின நாளே கூட்டம் போட்டு ஒரு முடிவு எடுத்திருந்தார். அது எனக்கு அப்போது தெரியாது. முதலில் அவரே வந்து உட்கார்ந்தார்.

"எழுதிக்க மணியகார். யாக்கோபு தொர எங்களுக்கும் பாட்டன்தான்."

"இன்னாது?"

"அந்தம்மா வாரிசுன்னா நாங்களும் வாரிசு. பங்காளிங்க. ஊரே பங்காளிங்க. ஒருத்தி மட்டும் வந்து கிட்டங்கிமேட்டத் தூக்கிக்கினு போவ முடியாது பாரு."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். வரிசை நகர ஆரம்பித்தது. ஒருவர் தன் மகனை இழுத்து வந்து, "கண்ணப் பாரு சாரு, பூனக் கண்ணு. தொர கண்ணு இது" என்றார். இன்னொருவர், தன் அப்பா பொழுது சாய்ந்தால் ஊற்றிக்கொள்ளாமல் இருக்க மாட்டார், அது வெள்ளைக்கார ரத்தம் இல்லாமல் வேறு என்ன என்று கேட்டார். ஒரு கிழவர், தங்கள் பரம்பரையில் நாய்க்கு எப்போதும் டாமி என்றுதான் பெயர் வைப்பது வழக்கம் என்று சத்தியம் செய்தார். சண்டைக்காரனைக் கூப்பிடலாம் என்று பார்த்தால் ஊரில் அன்று சண்டைக்காரனே இல்லை. வலைத் தகராறில் வருஷக்கணக்காக முகம் பார்க்காதவர்கள்கூட ஒரே குரலில் "பங்காளி" என்றார்கள். எல்லாவற்றையும் எழுதி, கைநாட்டும் கையெழுத்தும் வாங்கினேன். வேறு என்ன செய்ய? எழுதுவதுதான் என் வேலை.

ரேவதி இதையெல்லாம் மொழிபெயர்த்துச் சொன்னதும் ஹெலன் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். தேசிங்கு பெரிய மனுஷத் தோரணையில், "ஊட்டுல எல்லாரும் சௌக்கியந்தானே?" என்று கேட்டார். பங்காளி என்று ஆன பிறகு கேட்காவிட்டால் மரியாதை இல்லையே.

ஹெலன் அம்மா கொஞ்சம் தயங்கிவிட்டுப் பதில் சொன்னார். ரேவதி கேட்டுவிட்டுத் தன் அம்மா பக்கம் திரும்பினாள்.

"இன்னாடி சொல்றாங்க?" என்றாள் கன்னியம்மா.

"அவங்க பெரியப்பா போன வாரம் செத்துப் பூட்டாராம். அவர்தான் இந்த வம்சாவளிய எழுத ஆரம்பிச்சவராம்."

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஹெலன் அம்மா ஊருக்கே பங்காளி. அவருடைய பெரியப்பாவும் ஊருக்கே பங்காளி. பங்காளி செத்தால் பங்காளி வீட்டுக்கெல்லாம் தீட்டு. தீட்டு உள்ளவன் கோயில் படி ஏறக் கூடாது, கரகம் தூக்கக் கூடாது, கூழ் ஊற்றக் கூடாது. காப்புக் கட்டிய ஊரில், அம்மனைத் தூக்க ஒரு தலைக்கட்டு மிச்சமில்லை. பூசாரி தன் கையெழுத்து எந்தத் தாளில் இருக்கிறது என்று என் கட்டைப் புரட்டித் தேட ஆரம்பித்தார்.

"பேஜாராப் பூட்ச்சே!" என்று தேசிங்கு தலைப்பாகையை அவிழ்த்தார். "யோவ், நாய்க்கு டாமின்னு பேரு வச்சா பங்காளி ஆயிடுவியா? எவன்யா உன்ன வாயத் தொறக்கச் சொன்னது?"

"நீதான சொல்லச் சொன்ன!" என்று கிழவர் எகிறினார்.

அப்புறம் நடந்ததைக் காதால் கேட்கத்தான் முடியும், எழுத முடியாது. வலைத் தகராறு திரும்ப வந்துவிட்டது. திருவிழாவை நிறுத்துவதா, கொடுத்த வாக்குமூலத்தை வாபஸ் வாங்குவதா என்று இரண்டு கட்சி. வாபஸ் வாங்கினால் கன்னியம்மா வீடு போய்விடும் என்று பெண்கள் கத்தினார்கள். திருவிழா நின்றால் ஏரியில் இறால் வராது என்று ஆண்கள் கத்தினார்கள். நடுவில் ஹெலன் அம்மா, தன் பெரியப்பா செத்ததற்கு இத்தனை பேர் கதறுவதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கே அடக்கத்துக்கு வந்தது கொஞ்சம் பேர்தானாம், அதிலும் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

ரேவதி அதை உரக்கச் சொன்னாள். கன்னியம்மா அந்த அம்மாவை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சத்தம் போட்டாள்.

"யோவ், நிறுத்துங்கய்யா! பங்காளின்னு எவன் சொன்னான்? தொர கப்பல்ல வந்தவன். பொண்டாட்டிய மூட்ட கட்டிக்கினா வந்தான்? இங்கதான கட்டியிருப்பான்? நாம பொண்ணு குடுத்தவங்கய்யா! அந்தப் பொண்ணு பெத்த புள்ளதான் அமெரிக்கா போயிருக்கான். பொண்ணு குடுத்த ஊட்டுச் சாவுக்கு ஏது தீட்டு? தலைக்கு ஊத்திக்கினா தீந்துச்சு!"

ஊரே மூச்சுவிட்டது. தேசிங்கு தலைப்பாகையைத் திரும்பக் கட்டிக்கொண்டு, தான் சொல்ல வந்ததும் அதேதான் என்றார்.

அடுத்த அரை மணியில் அந்தக் குப்பத்தில் குளிக்காத தலை இல்லை. குழாயடியில் வரிசை, ஏரியில் ஒரு கூட்டம். பிலடெல்பியாவைத் தின்ற குற்றத்துக்கு ஆட்டுக்கும் ஒரு குடம். "நீயும் ஊத்திக்க மணியகார், விசாரணைன்னு நடுவுல உக்காந்துகினு இருந்தல்ல" என்று தேசிங்கு என் தலையிலும் ஊற்றிவிட்டார். வாக்குமூலக் கட்டைச் சட்டைக்குள் செருகிக் காப்பாற்றினேன். ஹெலன் அம்மாவை மணையில் உட்கார வைத்து, கன்னியம்மாவே தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும்போதும் வாய் ஓயவில்லை. "நாத்தனான்னாலே தொல்லதான். சீமையில இருந்து வந்தாலும் தொல்லதான். தலய நல்லாக் குனிடி." பிறகு தன் புடவை ஒன்றைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். அது அந்த அம்மாவுக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது.

சாயங்காலம் ஹெலன் அம்மா காலிக் கட்டத்தில் எதையோ எழுதினார். 'இந்த ஊர்ப் பெண்' என்று எழுதியிருப்பதாக ரேவதி சொன்னாள். அது நிஜமா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஆனால் யாக்கோபு துரையின் பக்கத்தில் அதுவரை வெற்றிடம்தான் இருந்தது.

பழைய வாக்குமூலங்களை எல்லாம் திருத்தி, ஈரச் சட்டையோடு உட்கார்ந்து புதிதாக அறிக்கை எழுதினேன். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். தாசில்தார் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். தோல் பறந்தது.

"பெண் வழின்னு எழுதியிருக்கீங்க. பெண்ணுக்கும் சொத்துல பங்கு உண்டே ஏழுமலை?"

போச்சுடா! பங்காளி என்றால் அம்மனுக்கு ஆகாது, பெண் வழி என்றால் தாசில்தாருக்கு ஆகாது.

"சார், அந்தம்மா சொத்தே கேட்கலை. மனு எழுதினவன் செஞ்ச கூத்து."

"அப்போ மனுவைத் திரும்ப வாங்கச் சொல்லுங்க. அதோட இன்னொண்ணு. அந்த ஊருக்கும் அவங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லைன்னு ஆனாத்தான் கோப்பு சுத்தமா முடியும். உறவுன்னு ஒரு வார்த்தை இருந்தா, நாளைக்கு வேற ஒரு வாரிசு வந்து நிப்பான். நான் பதில் சொல்லணும்." தண்ணீர் கேட்டார்.

ஹெலன் அம்மாவை ஆபீசுக்கு வரவழைத்து, ரேவதியை விட்டு விளக்கிச் சொன்னேன். சொல்ல எனக்கு நாக்கு கூசியது. ஒரு சர்க்கார் சீல் வைத்த தாளோடு ஊருக்குப் போய், சொந்தக்காரர்கள் கூடும்போது காட்ட வேண்டும் என்று அந்த அம்மா ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒரே கேள்விதான் கேட்டார்: என் பேப்பர் போனால் கன்னியம்மா வீடு நிற்குமா? நிற்கும் என்றேன். பேனாவை வாங்கி, மனுவைத் திரும்பப் பெறுவதாகவும், எந்தச் சொத்திலும் தனக்கு உரிமையோ ஆட்சேபணையோ இல்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

பிறகு கன்னியம்மாவின் முறை. தாசில்தாரின் அந்தக் கடைசிக் கேள்வி பாக்கி இருந்தது. வராண்டாவிலேயே அவளைப் பிடித்து நிறுத்திப் பாடம் சொன்னேன்.

"இத பாரும்மா. அந்தம்மா உனக்கு யாருன்னு கேப்பாரு. யாரும் இல்லன்னு சொல்லு. அவ்ளோதான். ஒரே வார்த்த. மேல ஒண்ணும் பேசாத. உன் வாயப் பத்தி எனக்குத் தெரியும்."

"அதுக்கு இன்னா, சொல்லிட்டாப் போவுது" என்றாள்.

உள்ளே போனோம். ஹெலன் அம்மா சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், அன்றும் அந்தப் புடவையைத்தான் கட்டியிருந்தார். தாசில்தார் கடலையை ஓரமாக வைத்தார். பேனா மூடியைத் திறந்தார். நான் மனசுக்குள் கங்கையம்மனைக் கும்பிட்டேன்.

"கன்னியம்மா, அந்த அம்மாவுக்கும் உங்களுக்கும் ஏதாவது உறவு உண்டா?"

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். நான் 'இல்லை' என்று தலையை ஆட்டினேன், கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு ஆட்டினேன். அவள் திரும்பி ஸ்டூல் பக்கம் பார்த்தாள்.

"யாரும் இல்லைன்னு சொல்லுங்கம்மா. கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார் தாசில்தார். அவர் அப்படி எடுத்துக் கொடுத்ததை என் சர்வீஸில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அது எப்டி சாமி சொல்றது?" என்றாள் கன்னியம்மா. குரல் உடைந்தது. "எனக்கு ஊடு வேணும் சாமி. மழையில கூரயப் புடிச்சிக்கினே நின்னு நின்னு கையி மரத்துப் பூட்ச்சு. ஆனா அவங்க ஊட்டுச் சாவுக்கு நான் தலைக்கு ஊத்திக்கினு கீறேன். காப்புக் கட்டின ஊருல, அம்மன் முன்னாடி ஊத்திக்கினேன். இப்ப வந்து யாரும் இல்லன்னா, அது சாவுக்குக் குளிச்சதா, சும்மா குளிச்சதா? என் நாத்தனா சாமி அது."

ரேவதி தலையைக் குனிந்துகொண்டாள். ஹெலன் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பியூன் பக்கம் திரும்பினேன், தண்ணீருக்கு அவன் போகட்டும் என்று.

தாசில்தார் தண்ணீர் கேட்கவில்லை. கன்னியம்மாவின் பட்டாக் கோப்பில் குனிந்து ஏதோ எழுதினார், கீழே கையெழுத்துப் போட்டார், சர்க்கார் சீல் எடுத்து அழுத்தினார்.

"இன்னா சாமி எழுதினீங்க?" என்றாள் கன்னியம்மா, அழுகையோடு.

அவர் படித்துக் காட்டினார்:

"உறவு உண்டு. ஆட்சேபணை இல்லை."